எட்டு ஓட்டமும் ஓர் ஊர்வலமும்

எங்கள் ஊரில் யாருக்கும் பிறந்த தேதி தெரியாது. ஓட்டம் தெரியும். சாலைப் பக்கம் பட்டாளமும் சதுப்புப் பக்கம் போராளிகளும் சுட்டுக்கொள்ள ஆரம்பித்தால், சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டி அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோமே, அந்த ஓட்டம். "உன் மூத்தவன் எப்போ பொறந்தான்?" என்று கேட்டால், "நாலாவது ஓட்டத்துக்கு முந்தின அறுப்புல" என்பார்கள். ஒரு தடவை அடையாள அட்டை கொடுக்க வந்த குமாஸ்தாப் பெண் இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, எல்லாருக்கும் ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். எங்கள் ஊர் கலவாங்கில் பாதிப் பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள். யாரை யார் வாழ்த்துவது?

சாகிரா அத்தை என் அப்பாவின் அக்கா. பாலம் கட்டுவதற்கு முந்தின முதல் ஓட்டத்தில், ஓடுகிற படகிலேயே பிறந்தவள். அதனால்தானோ என்னவோ, உட்கார்ந்து பேசவே மாட்டாள். மூன்றாவது ஓட்டத்தில் அவளுக்குக் கல்யாணம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவு அறையில் நடந்தது. "இமாம் நிக்காஹ் ஓதி முடிக்கறதுக்குள்ள கரும்பலகையில இருந்த ஏழாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் பண்ணிட்டேன்டி. வெக்கத்துல வேற எங்கே பாக்கறது? உங்க மாமா மூஞ்சியைத்தான் அன்னைக்குப் பாக்கவே இல்ல" என்பாள். இன்றைக்கும் ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் அத்தை சிவந்துபோவாள்.

ஐந்தாவது ஓட்டத்தில் அந்த மாமா போய்விட்டார். குண்டு பட்டு இல்லை. பள்ளிக்கூடத்துக் குழாய்த் தண்ணீரைக் குடித்து, காய்ச்சல் வந்து, நான்கே நாளில். ஊருக்குக் கொண்டுவர வழியில்லை, சாலையை அடைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற காலி இடத்தில் அடக்கம் பண்ணினோம். எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி இதுவரை ஒருத்தரையும் கொன்றதில்லை. ஓடியதில்தான் செத்தோம்.

அதற்குப் பிறகு அத்தை பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டிக்கடை போட்டாள். சோப்பு, கருவாடு, முக்கியமாக ரீசார்ஜ். கழுத்தில் பச்சைக் கயிற்றில் ஒன்றும் சிவப்புக் கயிற்றில் ஒன்றுமாக இரண்டு போன் தொங்கும், ஒரு கம்பெனிக்கு ஒன்று; காசு தீர்ந்தவனும் அந்த இரண்டு நம்பருக்கு மட்டும் ஓசியில் பேசலாம், செய்தி அனுப்பலாம். சுற்றுவட்டாரத்தில் ரீசார்ஜ் கிடைக்கும் ஒரே இடம் அத்தை கடைதான் என்பதால், பட்டாளத்துக்காரனும் அங்கேதான் வருவான், சதுப்பிலிருந்து போராளியும் அங்கேதான் வருவான். ஒருத்தன் வரும்போது இன்னொருத்தன் வராமல் பார்த்துக்கொள்வது அத்தையின் சாமர்த்தியம். யார் நம்பர் எது என்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். அதை இரண்டு தரப்பு உளவுக்காரர்களும் பார்த்திருந்தால் ஆனந்தத்தில் மயங்கி விழுந்திருப்பார்கள்.

கடை வாசலில் ஒரு பலகை. அதில் அத்தை கைப்பட எழுதியது: "துப்பாக்கியும் செருப்பும் வெளியே." ஒருநாள் புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் செருப்பை மட்டும் கழற்றிவிட்டுத் துப்பாக்கியோடு உள்ளே வந்தான். "தம்பி, நீ செருப்பைப் போட்டுக்கோ, பரவால்ல. அந்த இன்னொண்ணை வெளிய வெச்சிட்டு வா" என்று அத்தை அவனைத் திருப்பி அனுப்பினாள். இப்போது அந்தப் பலகையில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: "கல்யாண வெடியும்." அது எப்படிச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

எட்டாவது ஓட்டம் முடிந்து ஊர் திரும்பியபோது அத்தை ஒரு சபதம் போட்டாள். "இனி நான் ஓட மாட்டேன். சண்டை போடறவன் ஓடட்டும்." நாங்கள் சிரித்தோம். அடுத்த ஆகஸ்டில் என் தங்கை ராவியாவுக்குக் கல்யாணம் வைத்தோம். வெள்ளிக்கிழமை நிக்காஹ், மாப்பிள்ளை மோக்தார் அக்கரைக்காரன். அம்மா போனதற்கப்புறம் ராவியாவை வளர்த்தது நான். மூன்று நாள் அடுப்படியில் வெந்து, ஒரு பெரிய தகர டின் நிறையத் தினக்தக் சுட்டு வைத்திருந்தேன். அரிசிமாவைச் சிரட்டை ஓட்டை வழியே எண்ணெயில் ஒழுகவிட்டு நூல் நூலாகச் சுடுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். அது இல்லாமல் எங்களில் கல்யாணம் இல்லை. புதன்கிழமை காலை கடைசி ஈடு எண்ணெயில் இருக்கும்போது சுட ஆரம்பித்தார்கள். சனியன்கள், ஒரு ஈடு பொறுக்கக் கூடாதா?

இந்தத் தடவை ஓடவே நேரமில்லை. பட்டாளம் பாலத்தை மறித்துக்கொண்டது, போராளிகள் சதுப்பு ஓரத் தென்னந்தோப்பில் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் நாங்கள், பள்ளிவாசலுக்குள், நாற்பத்து மூன்று பேர். அதில் ஒருவர் பிளாஸ்டிக் வாளி விற்க வேறு தீவிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட கிறிஸ்தவர், கபாஹுக் என்று பெயர். குண்டு போகும்போதெல்லாம் ஒரு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். எங்கள் குழந்தைகளும் அவரைப் பார்த்துக் கவிழ்த்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் குடிதண்ணீர் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை பெரிய பீரங்கி வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பாலத்தைத் தாண்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளி ஜும்ஆ முடிந்த கையோடு அத்தையின் பச்சைக் கயிற்றுப் போன் அடித்தது. பாலத்தில் இருக்கும் லெப்டினென்ட் தும்லாவ். வடக்கத்திப் பையன், நல்ல மரியாதை தெரிந்தவன்.

"மேடம், என் நம்பருக்கு ஒரு ரீசார்ஜ் போட்டுவிடுங்களேன். ரொம்ப அவசரம்."

"தலைக்கு மேல குண்டு பறக்குது தம்பி. எப்படிப் போட?"

"அது எங்க குண்டு இல்ல மேடம்."

"மேல போறப்போ அதுல எழுதியிருக்கற பேரைப் படிக்க நான் கண்ணாடி போடலப்பா."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், நான் கட்டிக்கப் போற பொண்ணுக்கு மூணு நாளா ஒரு மெசேஜ்கூட அனுப்பல. அவ என்ன நெனப்பா?" என்றான்.

"ஒண்ணு, செத்துட்டான்னு நெனப்பா. இல்லேன்னா வேற எவளையோ பிடிச்சிட்டான்னு நெனப்பா. ரெண்டாவதுதான் ஆபத்து" என்றாள் அத்தை. "ஒரு மணி நேரம் நீங்க சும்மா இருங்க. நாங்க நாப்பத்து மூணு பேரு பாலம் தாண்டிடறோம். தாண்டின அடுத்த நிமிஷம் உங்களுக்கு ரீசார்ஜ்."

அவன் மேலதிகாரியிடம் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிட்டான். ரெண்டு மணி முதல் மூன்று மணி வரை சரி. ஆனால் நிபந்தனை உண்டு. முன்னால் வெள்ளைத் துணி பிடிக்க வேண்டும், சாலையை விட்டு இறங்கக் கூடாது. "இன்னொண்ணு மேடம். யாரும் ஓடக் கூடாது. ஓடறவன் யாரா இருந்தாலும் சண்டைக்காரன்னுதான் எங்க பசங்க நெனப்பாங்க. ஓடினா சுட்டுருவாங்க. என்னால தடுக்க முடியாது."

அத்தை போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். குண்டுச் சத்தம் கேட்டால் ஓடுவது என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத கூட்டம் இது. எங்களில் குழந்தை நடக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் ஓடக் கற்றுக்கொள்ளும். இவர்களை ஒரு கிலோமீட்டர் நடக்கச் சொன்னால்?

"கொஞ்சம் வேகமா நடக்கலாமான்னு கேளு" என்றார் ஊர்க் கல்யாணங்களுக்கு மேளம் வாசிக்கிற மந்தில் மாமா.

"வேகமா நடக்கறதுக்கும் ஓடறதுக்கும் நடுவுல எங்கே கோடு போட்டிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? சுடறவனுக்குத் தெரியுமா?" என்று அத்தை எரிந்து விழுந்தாள். அவள் அப்படி எரிந்து விழுந்தால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். எனக்குத் தெரியும்.

அடுத்து சிவப்புக் கயிற்றுப் போன். தென்னந்தோப்பில் இருக்கும் கமாண்டர் கிலாட். கிலாட் என்றால் மின்னல். அத்தையின் சித்தி மகள் பெற்ற பிள்ளை, வீட்டுப் பெயர் தாத்துகான்.

"பெரியம்மா, ரீசார்ஜ் இல்லாம செத்துட்டிருக்கேன். நேத்து பாஸ்கெட்பால் யாரு ஜெயிச்சதுன்னுகூடத் தெரியல."

"ரெண்டு மணிலேருந்து ஒரு மணி நேரம் துப்பாக்கியைக் கீழ வெச்சிட்டுச் சும்மா இரு. எல்லாம் தெரிய வரும்."

"அவனுங்க வைப்பானுங்களா மொதல்ல?"

"தாத்துகான், நீ மூக்கொழுகிட்டுத் திரிஞ்சப்போ உன் மூக்கைத் தொடச்சது யாரு?"

"பெரியம்மா, பசங்க பக்கத்துல இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

"இருக்கட்டும், அவங்களும் தெரிஞ்சுக்கட்டும். இன்னைக்கு நம்ம ராவியாவுக்குக் கல்யாணம். பொண்ணை அக்கரைக்குக் கூட்டிட்டுப் போறோம். புரிஞ்சுதா?"

"நம்ம ராவியாவுக்கா! மாஷா அல்லாஹ்! சொல்லவே இல்லையே!" அந்தப் பக்கம் இருபது ஆண்கள் ஒரே நேரத்தில் சந்தோஷப்படுகிற சத்தம் கேட்டது. அத்தை திருப்தியாக வைத்துவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது. பட்டாளத்துக்காரனிடம் ஊர் ஜனம் வெளியேறுகிறது என்று சொன்னாள். போராளியிடம் கல்யாணம் என்று சொன்னாள். கல்யாணம் என்றால் எங்கள் ஆண்கள் என்ன செய்வார்கள் என்பது எங்களில் ஒருத்தருக்கும் அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை.

அடுத்த தகராறு வெள்ளைத் துணி. பள்ளிவாசலில் இருந்த ஒரே வெள்ளைத் துணி கஃபன் துணி. மந்தில் மாமா அதை எடுத்து வந்தார்.

"பொணத்துக்குப் போடறதைப் பிடிச்சிட்டு உயிரோட நடக்கச் சொல்றீங்களா? அப்புறம் எதுக்கு நடக்கணும்? இங்கேயே படுத்துக்கலாமே" என்றாள் அத்தை. கல்யாணத்துக்கென்று வைத்திருந்த மஞ்சள் கொடிகள் மூலையில் சாத்தியிருந்தன. லெப்டினென்டுக்குச் செய்தி போனது: "வெள்ளை இல்லை. மஞ்சள் வரும்." கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "சரி மேடம். ரீசார்ஜ் மறக்க வேண்டாம்."

அப்புறம் மூட்டை முடிச்சு. கையில் ஒன்றுதான் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் தினக்தக் டின்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ராவியா மூட்டை கட்டுவதற்குப் பதிலாக மூன்று உடுப்பை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள், மேலே கல்யாண உடுப்பு. வியர்வையில் கண் மை கன்னத்துக்கு இறங்கியிருந்தது. வாளிக்காரர் ஒரு வாளிக்குள் ஒன்றாகப் பதினொரு வாளியைச் செருகி, "கையில ஒண்ணுதான்" என்று காட்டினார். மந்தில் மாமா தன் பித்தளைக் கோங்குகளை, எங்களில் மேளமாக அடிக்கிற அந்தப் பெரிய சேகண்டிகளை, விட்டு வர மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இதை மண்ணுல பொதைச்சிட்டுப் போறேன். திரும்பி வந்து தேடித் தோண்டி எடுக்கறதுக்குள்ள பிராணன் போகுது. இந்தத் தடவை பொதைக்கறதா இருந்தா என்னையும் சேத்துப் பொதைங்க."

நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அத்தை என்னைக் கையமர்த்திவிட்டு அந்தக் கோங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்கிட்டு வாங்க" என்றாள். "சும்மா வேணாம். வாசிச்சுட்டு வாங்க. பொண்ணு அழைக்கற அடி. மெதுவா."

பிறகு எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாள். "நல்லாக் கேட்டுக்கோங்க. பெரிய கோங்கு ஒரு தடவை அடிச்சா ஒரு எட்டு. அதுக்கு முன்னாடி எவன் காலை எடுத்து வெச்சாலும் அக்கரைக்குப் போனதும் நான் அந்தக் காலை ஒடிப்பேன். பட்டாளத்துக்காரன் சுட்டா மேல படும், படாமலும் போகும். நான் உதைச்சா கண்டிப்பாப் படும்."

ரெண்டு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் அத்தை, கழுத்தில் இரண்டு போன், கையில் மஞ்சள் கொடி. அவள் பின்னால் ராவியா. பெரிய கோங்கை மூங்கிலில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்க, மந்தில் மாமா அடித்துக்கொண்டே வந்தார். டோங் என்றால் ஓர் எட்டு. வலது பக்கம் தோப்பு, எதிரே பாலத்தில் மணல் மூட்டை, அதன் மேல் துப்பாக்கிக் குழல்கள். இவ்வளவு மெதுவாக என் வாழ்நாளில் நடந்ததில்லை. வயல் நண்டு ஒன்று சாலையைக் குறுக்கே கடந்து எங்களை முந்திக்கொண்டு போனது.

பாதி தூரம் போயிருப்போம். தோப்பிலிருந்து யாரோ நீளமாக ஒரு குலவைச் சத்தம் எழுப்பினான். அதைத் தொடர்ந்து வானத்தைப் பார்த்துப் பத்திருபது துப்பாக்கி ஒன்றாக வெடித்தது. கல்யாண வெடி! எங்கள் ஆண்களுக்குக் கல்யாண ஊர்வலத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. மூன்று நாளாகக் கொல்லக் குறி பார்த்த அதே துப்பாக்கியை வானத்துக்குத் திருப்பி, மாமன் மச்சான் முறை செய்கிறானாம். கட்டையில் போக!

பாலத்தில் இருந்தவர்களுக்கு முறையும் தெரியாது, முறைமையும் தெரியாது. மணல் மூட்டைக்குப் பின்னால் தலைகள் மறைந்தன. எங்களுக்குப் பக்கத்து வயலில் தண்ணீர் வரிசையாகத் தெறித்தது. கோங்கு நின்றுவிட்டது.

என் கால் என்னைக் கேட்கவில்லை. ஐந்து ஓட்டம் ஓடிய கால் அது, சத்தம் கேட்டதும் தானாகக் குதிகால் எழும்பிவிட்டது. சுற்றிப் பார்த்தேன், நாற்பது பேருக்கும் குதிகால் எழும்பியிருந்தது. ஒருத்தர் ஓடியிருந்தால் போதும், எல்லாரும் ஓடியிருப்போம், எல்லாரும் அங்கேயே கிடந்திருப்போம்.

"மந்தில்!" அத்தை திரும்பாமலே கத்தினாள். "வாசிக்கறதை யாரு நிறுத்தச் சொன்னா? பொண்ணு ஊர்வலத்துல மேளம் நின்னா அபசகுனம்னு தெரியாது? அடிங்க!"

மந்தில் மாமா அடித்தார். அடி விழுந்த இடம் தப்பு, தாளமும் தப்பு. ஆனாலும் டோங் என்று கேட்டது. குதிகால்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. "எல்லாரும் அப்படியே குந்துங்க. எழுந்திரின்னு சொல்ற வரைக்கும் குந்தியே இருங்க" என்றாள் அத்தை. நாங்கள் குந்தினோம். அவள் மட்டும் குந்தவில்லை. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு போனிலும் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, ஒன்றின் வாயை இன்னொன்றின் காதில் வைத்து நடுச் சாலையில் நின்றாள். எங்கள் பேச்சு லெப்டினென்டுக்குப் புரியாது, அவன் பேச்சு தாத்துகானுக்கு அரைகுறை. இருவருக்கும் நடுவில் அத்தை.

"ஒப்பந்தம் முடிஞ்சது! துரோகிப் பசங்க! எதுக்கு சுட்டானுங்க?" லெப்டினென்டின் குரல் உடைந்து வந்தது.

"என்ன சொல்றான் பெரியம்மா?" என்றான் தாத்துகான்.

"கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்றார்."

"அதுக்கு ஏன் இப்படிக் கத்தறான்?"

"வடக்கத்திக்காரங்க அப்படித்தான் வாழ்த்துவாங்க."

"நம்ம பொண்ணு ஊர்வலத்துக்கு நாலு வெடி போடாம இருந்தா ஊர் காறித் துப்பாதா? குண்டு வானத்துக்குத்தானே போச்சு? இதுக்குப் போய் வயலைச் சுடறான். பயந்தாங்கொள்ளி!"

"என்ன சொல்றான் மேடம்?"

"மன்னிப்புக் கேக்கறான் தம்பி. மூணு நாளா உங்களைத் தூங்க விடாததுக்கும் சேத்து."

"அவனா? மன்னிப்பா?"

"அழறான்."

அந்த நேரம் பார்த்து சிவப்புக் கயிற்றுப் போனில் தாத்துகான் ஹஹ்ஹஹ்ஹா என்று சிரித்துத் தொலைத்தான்.

"இதுவா மேடம் அழுகை?"

"எங்க பக்கம் அப்படித்தான் அழுவோம்." அத்தையின் குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. "தம்பி, அது கல்யாண வெடி. எங்க வழக்கம். இவனுங்க முட்டாப் பசங்க, ஆனா மேல பாத்துதான் சுட்டானுங்க. உங்க பக்கம் ஒரு குண்டாவது வந்துச்சா?"

"கல்யாணமா? நீங்க கல்யாணம்னு சொல்லவே இல்லையே மேடம்" என்றான்.

"நீங்க கேக்கல."

"பொண்ணு எங்கே?"

அத்தை திரும்பி ராவியாவைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். இரண்டு பக்கத் துப்பாக்கிக்கும் நடுவில் அந்தப் பெண்ணை எழுப்பி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவளே எழுந்துவிட்டாள். மூன்று உடுப்பும் வியர்வையில் ஒட்டி, மை ஒழுகி, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "நான்தான் பொண்ணு!" என்று கத்தினாள். அல்லாஹ்வே, இவளை மட்டும் விட்டுவிடு, நான் இனி யாரையும் திட்ட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். அதை நான் காப்பாற்றவில்லை என்பது வேறு விஷயம்.

பாலத்து மணல் மூட்டைக்கு மேல் பைனாகுலர் ஒன்று எழுந்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

"நடங்க மேடம்" என்றான் லெப்டினென்ட். "மெதுவா."

அத்தை சிவப்புப் போனை வாயருகே கொண்டுபோனாள். "தாத்துகான், இன்னொரு வெடி கேட்டுச்சு, உன் நம்பரை என் புத்தகத்துல இருந்து கிழிச்சிடுவேன். ஆயுசுக்கும் உனக்கு ரீசார்ஜ் கிடையாது."

"ஐயோ பெரியம்மா! அப்படியெல்லாம் பேசாதீங்க!" உண்மையான பயம் அந்தக் குரலில் அப்போதுதான் கேட்டது. மூன்று நாள் குண்டு மழைக்கு அசையாத ஆள்.

டோங். ஓர் எட்டு. டோங். மீதிப் பாதியையும் அப்படியே நடந்தோம். பாலத்தில் லெப்டினென்ட் தலை எண்ணினான். வாளிக்காரரிடம் வந்ததும் நின்றான். "இவர் பேர் கபாஹுக்னு இருக்கு. கிறிஸ்தவப் பேராச்சே, இவரும் உங்க சொந்தமா?"

"சொந்தம்தான். வாளி வழில" என்றாள் அத்தை.

என் டின்னைத் திறக்கச் சொன்னான் ஒரு சிப்பாய். திறந்தேன். உள்ளே கையை விட்டுத் துழாவினான். வெடிகுண்டு இல்லை என்று உறுதியானதும் ஒன்றை எடுத்துக் கடித்தான். இன்னொன்றை எடுத்து லெப்டினென்டுக்குக் கொடுத்தான். சாப்பிட்டுக்கொண்டே வழி விட்டார்கள். அக்கரையில் கால் வைத்ததும் வாளிக்காரர் சந்தோஷம் தாங்காமல் ஓட ஆரம்பித்தார். அத்தை எட்டிப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தாள். நாற்பத்து மூன்றும் எண்ணிச் சரியாக இருந்தது. மணி ரெண்டு ஐம்பத்து மூன்று. அத்தை அங்கேயே நின்று இரண்டு நம்பருக்கும் ரீசார்ஜ் போட்டாள்.

மூன்று மணிக்கு மறுபடி சுட ஆரம்பித்தார்கள். எந்தச் சத்தம் யார் வீட்டுக் கூரை என்று ஆளாளுக்கு ஊகித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அத்தை கடைக்கூரை அன்றைக்குத்தான் போனது. பலகை மட்டும் தப்பியது.

அன்று சாயங்காலமே நிக்காஹ். காலியாக இருந்த அறை இரண்டாம் வகுப்பு 'பி' மட்டும்தான். மோக்தார் மாப்பிள்ளை உடுப்போடு மத்தியானத்திலிருந்து பாலத்தடியில் நின்று அழுதிருப்பான் போல, கண் ராவியாவின் கண்ணைவிட மோசமாக இருந்தது. கரும்பலகையில் இப்போது வாய்ப்பாடு இல்லை, தவளையின் படம். அத்தை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இமாம் பதிவேட்டைத் திறந்தார். "தேதி என்ன?" என்றார். யாருக்குத் தெரியும்? மோக்தாரின் பெரியப்பா, "ஒன்பதாவது ஓட்டம்னு எழுதுங்க, எல்லாருக்கும் புரியும்" என்றார்.

அத்தை எழுந்துவிட்டாள். "எது ஒன்பதாவது?"

"இதுதான் சாகிரா. முன்னாடி எட்டு, இதோட ஒன்பது."

"யாரு ஓடினா? மந்தில், நீங்க ஓடினீங்களா? நோர்மினா, நீ ஓடினியாடி?"

"இல்ல அத்தை" என்றேன். டின்னைப் பிடித்துப் பிடித்து என் விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"மேளம் அடிச்சு, கொடி பிடிச்சு, பொண்ணை நடத்திக் கூட்டிட்டு வந்திருக்கோம். இதை ஓட்டத்துக் கணக்குல சேக்க நான் விட மாட்டேன். தேதியை எழுதுங்க, இமாம்."

கழுத்துப் போனைத் திறந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சத்தமாக வாசித்தாள். ஆகஸ்ட் பதினேழு. கலவாங்கில் பிறந்து வளர்ந்த ஒருத்தியின் கல்யாணத்துக்கு முதன்முறையாக ஒரு தேதி வந்தது. இமாம் எழுதி முடிக்கும்வரை அத்தை பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட அவளைத் தேடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மாமா அடங்கிய இடத்தில் குந்தியிருந்தாள். மடியில் நாலைந்து தினக்தக். ஒன்றைக் கடித்துக்கொண்டே மாமாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் நின்றுவிட்டேன்.

"இன்னும் எட்டுதான்" என்றாள் அத்தை. "நீங்க போனப்போ அஞ்சு. அப்புறம் மூணு. இன்னைக்கு ஓடலீங்க. நடந்துதான் வந்தேன்."